சிறிய ரிவால்வரில் கூடுதல் அழுத்தத் தோட்டா: சுடும் முன் செய்ய வேண்டியவை, வரிசையாக

சேலத்திலும் ஏற்காட்டுத் தோட்டங்களிலும் உரிமத்துடன் ரிவால்வர் வைத்திருப்பவர்களில் நான் பழகியவர்கள் பெரும்பாலும் .32 போர் (குழலின் உள்விட்டம், அங்குலக் கணக்கில்) வைத்திருப்பவர்கள். தகப்பனாரிடமிருந்து வாரிசு உரிமமாக வந்ததோ, புதிதாக வாங்கியதோ, எதுவானாலும் முதல் சில மாதங்களில் அவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இதைவிட வேகமான தோட்டா இதில் போடலாமா?" வேகமான தோட்டா என்றால் பெரும்பாலும் சுடும்போது உள்ளே எழும் அழுத்தமும் கூடுதல். அதைப் போடலாமா என்பதற்கான விடை துப்பாக்கியிலும் தோட்டாவிலும் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அதை ஒரு வரிசையில் படிக்க வேண்டும். புதியவர்கள் தடுமாறுவது அந்த வரிசை மாறும்போதுதான். முதலில் தோட்டாவை வாங்கி, அது சிலிண்டரின் அறைக்குள் (தோட்டா அமரும் துளை) போகிறதா என்று பார்த்து, போய்விட்டால் சுட்டுப் பார்த்து, அதன் பிறகு சந்தேகம் கேட்கிறார்கள்.

1. முன்கூட்டியே தேவைப்படுபவை

உரிமப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எந்த வகை ஆயுதம், எந்த போர், ஒரு சமயத்தில் எத்தனை தோட்டா, ஆண்டுக்கு எத்தனை என்பவை அதில் இருக்கும். உரிமத்தில் அடங்காத தோட்டாவை வைத்திருப்பதே 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி குற்றம் என்பதால், அழுத்தத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே சில தோட்டாக்கள் பட்டியலிலிருந்து நீங்கிவிடும்.

கருவிகள் அதிகம் வேண்டாம். ஒரு வெர்னியர் காலிப்பர், ஒரு ஃபீலர் கேஜ், ஒரு சிறிய டார்ச், துப்பாக்கியின் போருக்கு ஏற்ற பித்தளைத் துடைப்புக் கம்பி, பருத்தித் துணி, காதுக் கவசம், கண்ணாடி ஆகியவை போதும். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வேலை செய்பவர்களிடம் இருக்கும் சாதாரண வெர்னியரே போதுமான துல்லியம் தரும். ஃபீலர் கேஜ் என்பது பைக் மெக்கானிக் வால்வு இடைவெளி பார்க்கும் அதே தகடுக் கட்டு. இவற்றைக் கடையில் வாங்கி வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்; துப்பாக்கியை அந்தப் பட்டறைகளுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

துப்பாக்கியுடன் வந்த கையேடு இருந்தால் அதுவே எல்லாவற்றுக்கும் மேலான சான்று. அதில் எழுதியிருப்பதும் நான் இங்கே எழுதுவதும் மாறுபட்டால் கையேட்டையே பின்பற்றுங்கள்.

2. காலி என்று உறுதி செய்தல்

சிலிண்டரைத் திறந்து எல்லா அறைகளையும் கண்ணால் பாருங்கள், பிறகு விரல் நுனியால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். தோட்டாக்களை வீட்டின் வேறு அறையில், வேறு மேசையில் வையுங்கள். 6ஆம் படியில் ட்ரிகரை இழுத்துச் சோதிக்க வேண்டியிருப்பதால், ஒரே மேசையில் தோட்டாவும் துப்பாக்கியும் இருப்பது கூடாது. அளப்பதற்காகத் தோட்டாவை எடுத்தால், அந்த நேரம் துப்பாக்கி பெட்டிக்குள் இருக்கட்டும்.

3. துப்பாக்கி எதற்காகச் செய்யப்பட்டது என்பதை அதன் உடம்பில் படித்தல்

பேரலின் (குழல்) பக்கவாட்டிலும் ஃபிரேமிலும் (உடற்சட்டம்) பொறித்திருப்பதை டார்ச் வெளிச்சத்தில் முழுமையாக எழுதிக்கொள்ளுங்கள். '.32' என்று மட்டும் எழுதியிருப்பது போதாது. அதன் பின்னால் வரும் சொற்கள்தான் தோட்டாவின் உண்மையான பெயர். நம் நாட்டில் விற்கும் .32 ரிவால்வர்களுக்கு உரிய தோட்டா .32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங். 1896இல் வந்த இந்தத் தோட்டாவுக்கு அமெரிக்கத் தர அமைப்பு வைத்திருக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 15,000 பவுண்டு. ரிவால்வர் தோட்டாக்களில் இது மிக மென்மையானவற்றுள் ஒன்று, அதற்கேற்பவே துப்பாக்கியும் வடிவமைக்கப்படுகிறது.

அடுத்து, துப்பாக்கி திறக்கும் விதத்தைக் கவனியுங்கள். ஒரே துண்டான ஃபிரேமுக்குள்ளிருந்து சிலிண்டர் பக்கவாட்டில் வெளியே வரும் வகை ஒன்று. மேலே உள்ள தாழை விலக்கியதும் பேரல் முன்புறமாகக் கவிழ்ந்து, நடுவில் மடியும் வகை மற்றொன்று. கான்பூரில் செய்யப்படும் .32களில் நெடுங்காலம் இருந்துவந்தது இங்கிலாந்தின் வெப்லி ரிவால்வர் வழியில் வந்த இந்த மடக்கு வகை. 2014இல் வந்த நிர்பீக் என்ற ரிவால்வரும் இதே வகைதான், எடை ஏறத்தாழ 500 கிராம். மடக்கு வகையில் சுடும்போது எழும் விசையை முழு ஃபிரேமும் தாங்குவதில்லை. கீழே ஒரு கீலும் மேலே ஒரு தாழும் தாங்குகின்றன. உரிய தோட்டாவுக்கு அது போதும், பல்லாண்டு உழைக்கும். அழுத்தம் கூடினால் முதலில் தேய்வது அந்தத் தாழும் கீலும்தான், அந்தத் தேய்மானம் வெளியில் தெரிவதற்கு நாளாகும். ஆகவே மடக்கு ரிவால்வர் வைத்திருப்பவருக்கு என் பதில் சுருக்கமானது: கூடுதல் அழுத்தத் தோட்டா எதுவும் வேண்டாம். மீதிப் படிகள் உரிய தோட்டாவை ஒழுங்காகப் பயன்படுத்துவதற்கு அவருக்கும் தேவைப்படும்.

பழைய இங்கிலாந்துத் தயாரிப்புகளில் போர், கூட்டின் (தோட்டாவின் பித்தளை உறை) நீளம், டன் கணக்கில் ஓர் எண் ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கலாம்; .38 வெப்லிகள் சிலவற்றில் '3½ டன்' என்று காணலாம். இந்த எண்ணை 2,240ஆல் பெருக்கி அமெரிக்க எண்ணோடு ஒப்பிட்டு, "அடேயப்பா, இவ்வளவு குறைவா" என்றோ "இன்னும் இடமிருக்கிறது" என்றோ முடிவுக்கு வரக் கூடாது. அளந்த முறையே வேறு என்பதால் இரண்டு எண்களும் ஒரே தராசில் நிற்பவை அல்ல. கருமருந்துக் காலத்தில் செய்யப்பட்ட மிகப் பழைய துப்பாக்கியாக இருந்தால், இன்றைய புகையற்ற மருந்துத் தோட்டா எதையும் அதில் சுட வேண்டாம்.

4. தோட்டாவைப் படித்தல்

இந்தப் படியில்தான் நான் அதிகத் தவறுகளைப் பார்த்திருக்கிறேன். நம் நாட்டில் '.32' என்ற பெயரில் இரண்டு தோட்டாக்கள் புழங்குகின்றன. ஒன்று மேலே சொன்ன ரிவால்வர் தோட்டா. மற்றொன்று .32 பிஸ்டலுக்கு உரிய .32 ஏ.சி.பி.; இதையே 7.65 எம்.எம். பிரவுனிங் என்றும் சொல்வார்கள். கடையில் '.32 வேண்டும்' என்று மட்டும் கேட்பவருக்கு எது கிடைக்கும் என்பது கடைக்காரரின் கவனத்தைப் பொறுத்தது.

இரண்டையும் ஒரு வெள்ளைத் துணியின் மேல் அருகருகே நிறுத்திப் பாருங்கள். குண்டின் தடிமன் ஏறத்தாழ ஒன்றுதான். கூட்டின் உடல் தடிமனும் அநேகமாக ஒன்றுதான். ரிவால்வர் தோட்டாவின் கூடு 23.4 மில்லிமீட்டர் நீளம். பிஸ்டல் தோட்டாவின் கூடு 17.3 மில்லிமீட்டர். அடி விளிம்பில், ரிவால்வர் தோட்டாவுக்கு 9.5 மில்லிமீட்டர், பிஸ்டல் தோட்டாவுக்கு 9.1 மில்லிமீட்டர். அந்த அரை மில்லிமீட்டருக்கும் குறைவான வேறுபாட்டைக் கண் பிடிக்காது, விரல் நகம் பிடிக்கும். ரிவால்வர் தோட்டாவின் அடியில் நகம் தெளிவாகத் தட்டி நிற்கும். பிஸ்டல் தோட்டாவின் விளிம்பு உடலைவிடச் சற்றே துருத்தியிருப்பதால் நகம் வழுக்கிக்கொண்டே போய் லேசாக மாட்டும். அந்த விளிம்புக்கு மேலே, வெட்டியெடுத்தது போன்ற ஒரு பள்ளமும் சுற்றிலும் இருக்கும்.

ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருக்கும் ஓர் அண்ணன் ஒருமுறை இப்படி ஒரு பெட்டியோடு வந்தார். என் கண் முன்னாலேயே ஒரு தோட்டாவை எடுத்து அறைக்குள் விட்டார். அது சலக்கென்று இறங்கி, விளிம்பில் நின்றது. "பாருங்க தம்பி, அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்கு" என்றார். அந்த அரை விளிம்பு சிலிண்டரின் ஓரத்தில் தொற்றி நிற்பதுதான் ஏமாற்றம். அந்தத் தோட்டாவின் உச்ச அழுத்தம் அமெரிக்கத் தரப்படி 20,500. அவருடைய மடக்கு ரிவால்வருக்கு உரியதோ 15,000. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதலான அழுத்தத்தை, அவர் வேகமான தோட்டா என்று நினைத்துக்கூட வாங்கவில்லை. பெயர் ஒன்றாக இருந்ததால் வாங்கியிருந்தார். நான் நீளம் காட்டி, விளிம்பு காட்டி, எண்ணைக் காட்டிய பிறகு, பெட்டியை மூடி வைத்துவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார். அதற்கு முந்தைய வாரம் அதே பெட்டியிலிருந்து இரண்டு சுட்டிருந்தாராம். நல்லவேளையாகத் தாழில் ஆட்டம் இல்லை.

ஆகவே வாங்கும்போது போரை மட்டும் சொல்லாமல் தோட்டாவின் முழுப்பெயரைச் சொல்லுங்கள். பெட்டியின் மேல் எழுதியிருப்பது, தோட்டாவின் அடியில் பொறித்திருப்பது, துப்பாக்கியில் பொறித்திருப்பது ஆகிய மூன்றும் ஒன்றாக இருந்தால் மட்டும் பணம் கொடுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஒரு தோட்டாவையாவது வெர்னியரில் அளந்து எழுதிவையுங்கள்.

5. எந்தத் திசையில் மாற்றலாம்

ஒரே தடிமனுள்ள தோட்டாக் குடும்பங்களில் நீளமும் அழுத்தமும் சேர்ந்தே வளர்ந்திருக்கின்றன. .32 லாங்கின் கூடு 23.4 மில்லிமீட்டர்; .32 எச். அண்ட் ஆர். மேக்னம் 27.3; .327 ஃபெடரல் மேக்னம் 30.5, அதன் அழுத்தம் 45,000. மற்றொரு குடும்பத்தில் .38 ஸ்பெஷல் 17,000, 1935இல் வந்த .357 மேக்னம் 35,000. மேக்னத்தின் கூட்டை ஓர் அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கு அளவுக்கு நீட்டியதே, அது .38 ஸ்பெஷலின் அறைக்குள் போகாமல் தடுப்பதற்காகத்தான்.

இதிலிருந்து விதி தெளிவாகிறது. நீளமான, வலுவான தோட்டாவுக்குச் செய்த ரிவால்வரில் அதே குடும்பத்தின் குட்டையான தோட்டாவைச் சுடலாம். தலைகீழாகச் செய்யவே கூடாது. நீளம் தடுத்துவிடும் என்று நம்பிக்கொண்டு இருந்துவிடவும் வேண்டாம். சில பழைய, மலிவான ரிவால்வர்களில் அறையின் முன்பகுதியில் படி விடாமல் நேராகத் துளைத்திருப்பார்கள், அங்கே நீளமான தோட்டாவும் உள்ளே போய்விடும்.

பெயரும் நீளமும் மாறாமல் அழுத்தம் மட்டும் கூடும் வகை இன்னொன்று உண்டு. அமெரிக்கத் தயாரிப்பில் .38 ஸ்பெஷலுக்கு 'பிளஸ் பி' என்று பொறித்து வருவது 20,000 அழுத்தம் வரை உள்ளது. இது நீளத்தால் தடுக்கப்படாது, எந்த .38 ஸ்பெஷலிலும் இறங்கும். துப்பாக்கியிலோ கையேட்டிலோ பிளஸ் பி என்ற அனுமதி எழுத்தில் இருந்தால் மட்டுமே போட வேண்டும். 'பிளஸ் பி பிளஸ்' என்று எழுதியிருப்பதற்கு அந்தத் தர அமைப்பின் வரம்பே கிடையாது என்பதால், அதைத் தொடாமல் இருப்பது நல்லது.

குட்டைத் தோட்டாவைச் சுடுவதிலும் ஒரு கவனம் வேண்டும். அதன் வாய் முடியும் இடத்தில் அறைக்குள் கரியும் ஈயமும் வளையமாகப் படியும். அடுத்து நீளமான தோட்டாவைப் போடும்போது கூட்டின் வாய் அந்த வளையத்தில் இறுகி, குண்டை விட முடியாமல் அழுத்தம் ஏறும். தோட்டா கடைசி ஒரு மில்லிமீட்டரில் நின்றால் கட்டைவிரலால் அழுத்தாதீர்கள். வெளியே எடுத்துவிட்டு அறையைக் கம்பியால் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள்.

அறையைச் சற்று பெரிதாக்கித் தரும்படி லேத் பட்டறையில் கேட்கலாமா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. ஆயுதத்தைப் பழுது பார்க்கவோ மாற்றவோ தனி உரிமம் வேண்டும். அதைவிட முக்கியம், அறைச்சுவரில் கடைந்தெடுக்கும் ஒவ்வொரு மயிரிழையும் அழுத்தத்தைத் தாங்கி நின்ற உலோகம்.

6. இயந்திரச் சோதனை

தேர்தல் காலத்தில் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு மாதக்கணக்கில் கழித்துத் திரும்பப் பெற்ற துப்பாக்கிக்கு இந்தப் படி கட்டாயம், ஏனென்றால் எண்ணெய் காய்ந்து பிசினாகியிருக்கும்.

காலித் துப்பாக்கியைத் துடைத்த பிறகு, ஹேமரை (பின்னாலிருக்கும் சுத்தியல்) மெதுவாகப் பின்னுக்கு இழுத்தபடி சிலிண்டரை விரலால் லேசாகத் தடுத்துப் பாருங்கள். ஹேமர் நிற்கும் நேரத்துக்குள் சிலிண்டர் 'டிக்' என்று பூட்டிவிட வேண்டும். ஒவ்வோர் அறைக்கும் தனித்தனியாகப் பாருங்கள்; ஓர் அறை மட்டும் பிந்தினாலும் குண்டு பேரலின் விளிம்பை உரசிக்கொண்டு நுழையும், ஈயச் சிதறல் பக்கவாட்டில் பறக்கும்.

ட்ரிகரை முழுதாக இழுத்துப் பிடித்தபடி சிலிண்டரை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். மயிரிழை அசைவு இயல்பு. 'டக் டக்' என்று கேட்டால் தேய்ந்திருக்கிறது. சிலிண்டர் முகத்துக்கும் பேரலின் பின்முனைக்கும் இடையே ஃபீலர் தகட்டை நுழையுங்கள். 0.10 முதல் 0.20 மில்லிமீட்டர் வரை நல்ல நிலை. 0.30 தகடு நுழைந்தால் உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் காட்டும் வரை சுட வேண்டாம். மடக்கு வகையில், தாழைப் பூட்டியபின் பேரலையும் கைப்பிடியையும் இரு கைகளில் பிடித்து மேலும் கீழும் முறுக்குங்கள். ஆட்டம் இருக்கவே கூடாது.

பேரலுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். எங்கேனும் இருண்ட வளையம் தெரிந்தால், முன்பு ஒரு குண்டு உள்ளே சிக்கி, பின்னால் வந்த குண்டு அதை இடித்ததால் குழல் அங்கே உப்பியிருக்கக் கூடும்.

7. மலை ஈரமும் சேலத்து வெயிலும்

ஏற்காட்டு மூடுபனியில் தோட்டாவைத் தோல் பையிலோ தோல் வாரிலோ மாதக்கணக்கில் செருகி வைத்தால் பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறும். பதனிட்ட தோலில் இருக்கும் அமிலமும் ஈரமும் சேர்ந்து செய்வது இது. களிம்பு ஏறிய கூடு அறையில் இறுகும். அரித்த இடத்தில் கிழியும். தோட்டாவை அதன் பெட்டியிலேயே, சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் இறுக மூடும் டப்பாவில் வையுங்கள். களிம்பைத் தேய்த்து நீக்கிப் பயன்படுத்தலாம் என்று எண்ண வேண்டாம்.

கீழே சேலத்தில் பிரச்சினை வெயில். சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் கிடந்த தோட்டாவில் மருந்து சூடாகி, சுடும்போது அழுத்தம் சற்று ஏறும். ஏற்கெனவே உச்சத்தை ஒட்டிய தோட்டாவாக இருந்தால் அந்தச் சற்றும் முக்கியம். நிழலில் வைத்து, சூடு தணிந்தபின் சுடுங்கள்.

தோட்டாவின் மேல் எண்ணெய் தெளிக்கும் பழக்கத்தை விடுங்கள். எண்ணெய் பிரைமருக்குள் (தோட்டாவின் அடியில், அடிபட்டதும் பொறி தரும் சிறு மூடி) கசிந்து மருந்தைக் கெடுக்கும். அதே போலச் சுடுவதற்கு முன் அறைகளை உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். உலர்ந்த அறைச்சுவரைக் கூடு இறுகப் பற்றிக்கொண்டு விசையில் ஒரு பகுதியைத் தானே தாங்கும். எண்ணெய்ப் பிசுக்கில் அது வழுக்கிப் பின்னால் மோதும்.

8. சுடுதளத்தில்

சோதித்துச் சுடுவதை அனுமதி பெற்ற சுடுதளத்தில் மட்டும் செய்யுங்கள். தோட்டத்து ஓரத்தில் பாறையைப் பார்த்துச் சுடுவது சொந்த நிலத்திலும் தவறு. சேர்வராயன் மலையின் கருங்கல்லில் பட்ட குண்டு எங்கே திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது, பள்ளத்தில் சில்வர் ஓக் மரங்களுக்குக் கீழே பழம் பறித்துக்கொண்டிருப்பவர்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. விழாக்களில் வானத்தை நோக்கிச் சுடுவதற்கு 2019 திருத்தத்தின்படி இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு.

கண்ணாடியும் காதுக் கவசமும் அணிந்தபின் ஒரே ஒரு தோட்டாவைப் போட்டுச் சுடுங்கள். சிலிண்டருக்கும் பேரலுக்கும் நடுவே பக்கவாட்டில் சூடான வாயு பீறிடும் என்பதால், பிடிக்கும் விரல் எதுவும் சிலிண்டரின் முன்முகத்தைத் தாண்டக் கூடாது. பிஸ்டல் பிடித்துப் பழகியவர்கள் இடது கட்டைவிரலை அங்கே கொண்டுபோவதைப் பலமுறை பார்த்து நிறுத்தியிருக்கிறேன்.

கூட்டை எடுத்துப் பார்த்தபின் இரண்டு போடுங்கள். அதுவும் சரியாக இருந்தால் முழுதும் நிரப்பி, ஒன்றை மட்டும் மிச்சம் வைத்து மற்றவற்றைச் சுடுங்கள். சுடாத அந்தத் தோட்டாவின் மொத்த நீளத்தை வெர்னியரில் அளந்து, முன்பு எழுதிவைத்ததுடன் ஒப்பிடுங்கள். எடை குறைந்த ரிவால்வர் பின்னுக்குத் துள்ளும்போது கூடு துப்பாக்கியோடு பின்னால் வருகிறது, கனமான குண்டோ இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. அதனால் குண்டு கூட்டிலிருந்து முன்னோக்கி இழுபடும். நீளம் கூடியிருந்தால் அந்தத் தோட்டா உங்கள் துப்பாக்கிக்குப் பொருந்தாது. இழுபட்ட குண்டு சிலிண்டரின் முகத்தைத் தாண்டி நீண்டால் சுழற்சியே நின்றுவிடும், தேவைப்படும் நேரத்தில்.

ட்ரிகரை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால் முனையை இலக்கை நோக்கியே வைத்துக்கொண்டு முழுதாக ஒரு நிமிடம் காத்திருங்கள். வழக்கமான ஓசைக்குப் பதிலாக 'புஸ்' என்று மெலிதாகக் கேட்டால் உடனே நிறுத்துங்கள். மருந்து போதாமல் குண்டு பேரலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். காலி செய்து, கம்பியை நுழைத்து, வழி திறந்திருப்பதை உறுதி செய்யாமல் அடுத்ததைச் சுடக் கூடாது.

9. காலிக் கூடு சொல்வது

துப்பாக்கி பற்றி இணையத்தில் படித்தவர்கள் முதலில் பிரைமர் தட்டையாகியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். ரைஃபிள் போன்ற உயர் அழுத்தத் தோட்டாக்களுக்கு அது ஓரளவு பயன்படும். 15,000க்குச் செய்த ரிவால்வரில் அது பயன்படாது. பிரைமர் தட்டையாகும் அளவுக்கு அழுத்தம் ஏறியிருந்தால் துப்பாக்கியின் எல்லையை அது எப்போதோ கடந்துவிட்டிருக்கும். "பிரைமர் நன்றாகத்தானே இருக்கிறது" என்பதை ஆறுதலாகக் கொள்ளாதீர்கள்.

நான் நம்புவது கூடு வெளிவரும் விதத்தை. உரிய தோட்டாவின் காலிக் கூடுகள் வெளித்தள்ளியை லேசாக அழுத்தியதும் உதிரும். உள்ளங்கையால் தட்ட வேண்டியிருந்தாலோ, கூட்டில் நீளவாக்கில் கீறல் இருந்தாலோ, அடிப்பக்கம் ஒருபுறம் உப்பியிருந்தாலோ அன்றைய வேலை முடிந்தது. அந்தப் பெட்டியையும் துப்பாக்கியையும் சேர்த்தே பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள். எல்லாம் சரியாக இருந்தாலும் வீட்டுக்கு வந்ததும் 6ஆம் படியின் தகட்டு அளவை மறுபடி எடுங்கள். முன்பு 0.15 இருந்தது 0.20 ஆகியிருந்தால், வரம்புக்குள்தான் இருக்கிறது என்று விடாமல், வலுவான தோட்டாவை நிறுத்திவிட்டு வழக்கமானதற்குத் திரும்புங்கள். ஈயத் தூசு கையில் ஒட்டியிருக்கும். சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

10. ஒதுக்கிய தோட்டாக்கள்

பொருந்தாதவை, களிம்பேறியவை, வெடிக்காதவை ஆகியவற்றைத் தனி டப்பாவில் வைத்து, எண்ணிக்கையை எழுதி, உரிமம் பெற்ற கடையிலோ காவல் நிலையத்திலோ ஒப்படைத்து, உரிமப் புத்தகத்தின் கணக்கைச் சரி செய்துகொள்ளுங்கள். காபித் தோல் கொட்டும் குழியில் புதைப்பதும் கிணற்றில் போடுவதும் நடக்கிறது. அந்தக் குழியை அடுத்த பருவத்தில் எருவுக்காக வெட்டும்போது மண்வெட்டி பிடித்திருப்பவர் வேறு ஒருவராக இருப்பார்.